‘நெட் வரலைங்க’: எங்கே அறுந்தது என்று கண்டுபிடிக்கும் வழி

ஓசூரில் இருந்து அழைத்தாலும் அரூரில் இருந்து அழைத்தாலும் முதல் வாக்கியம் ஒன்றுதான், ‘நெட் வரலைங்க’. அதற்குள் பைபர் அறுந்ததும் இருக்கும், ரவுட்டர் முகவரி கொடுக்காததும் இருக்கும், கம்ப்யூட்டர் கடிகாரம் பல வருஷம் பின்னால் போனதும் இருக்கும். உடனே எல்லோரும் செய்வது ரவுட்டரை அணைத்துப் போடுவது. அதில் சரியாகிவிட்டால் சந்தோஷம்தான், ஆனால் எது கெட்டது என்று தெரியாமலே போய்விடும், அடுத்த வாரம் மறுபடி அதே போன். இதைவிட மோசம் பின்பக்க ஓட்டையில் குண்டூசி விட்டு ரீசெட் அழுத்துவது. சேவை நிறுவனம் போட்டுவைத்த யூசர்நேம், பாஸ்வேர்டு, செட்டிங் எல்லாம் அழிந்து, ஐந்து நிமிஷக் கோளாறு இரண்டு நாள் கோளாறாகிவிடும். குண்டூசியைக் கீழே வையுங்கள்.

நெட் என்பது ஒரே வேலை இல்லை. சாதனங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் முறைக்கு நெறிமுறை என்று பெயர். ஒவ்வொரு சாதனத்துக்கும் ஐபி என்ற எண் முகவரி கொடுக்க ஒரு நெறிமுறை, பெயரை எண்ணாக்க ஒன்று, உள்ளே யார் எங்கே இருக்கிறார்கள் என்று விசாரிக்க ஒன்று, நேரம் பார்க்க ஒன்று. எது கெட்டதோ அதற்கேற்ற மாதிரி வெளியே தெரியும் அறிகுறி மாறும். அதனால் அறிகுறியிலிருந்தே தொடங்கலாம். விண்டோஸ் தேடலில் சிஎம்டி (cmd) என்று அடித்தால் வருமே கருப்பு ஜன்னல், அது ஒன்று போதும்.

‘பெட்டியில் சிவப்பு லைட் எரியுது’

எல்ஓஎஸ் என்று எழுதிய விளக்கு சிவப்பாக எரிந்தால் பைபரில் வெளிச்சம் வரவில்லை என்று அர்த்தம். இதற்குக் கம்ப்யூட்டரில் செய்ய ஒன்றுமே இல்லை. ரோடு அகலப்படுத்தும் வேலையில் ஜேசிபி இழுத்திருக்கும், கம்பத்தில் எலி கடித்திருக்கும், அல்லது யாரோ பெட்டியை நகர்த்தி மெல்லிய மஞ்சள் வயரை மடக்கியிருப்பார்கள். வயர் கூர்மையாக மடங்கியிருந்தால் நிமிர்த்திப் பாருங்கள், அப்புறம் கேபிள்காரரைக் கூப்பிடுங்கள். சிவப்பு எரியாமல் நெட் விட்டுவிட்டு வருகிறதென்றால், பிரவுசரில் திறக்கும் பெட்டியின் செட்டிங் பக்கத்தில் ஒளி அளவு காட்டும் இடத்தைப் பாருங்கள். ஒளியின் பலத்தை டிபிஎம் என்ற அலகில் சொல்வார்கள். வீட்டு பைபர் இணைப்பில் வரும் சாதாரண ஜிபான் வகைப் பெட்டிகளுக்கு மைனஸ் 27 டிபிஎம் தான் கடைசி எல்லை. மைனஸ் 20 என்றால் நிம்மதி, மைனஸ் 26 என்றால் எங்கோ ஜாயிண்ட் சரியில்லை.

சித்திரை, வைகாசி இடிமழைக்கு அப்புறம் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ரவுட்டரில் கம்ப்யூட்டர் கேபிள் மாட்டும் லேன் ஓட்டை நாலு இருந்தால் அதில் ஒன்று மட்டும் செத்துப்போயிருக்கும். கேபிளை அடுத்த ஓட்டையில் மாட்டுங்கள், விளக்கு எரிந்தால் வேலை முடிந்தது.

‘வைஃபை முழுசா காட்டுது, ஆனா நெட் இல்லை’

வைஃபை கோடு என்பது உங்களுக்கும் ரவுட்டருக்கும் நடுவில் உள்ள ரேடியோ மட்டும்தான், அது முழுசாக இருப்பதற்கும் நெட் வருவதற்கும் சம்பந்தமில்லை. கருப்பு ஜன்னலில் ஐபிகான்ஃபிக் (ipconfig) என்று அடித்து ஐபிவி4 முகவரி என்ற வரியைப் பாருங்கள். 169.254 என்று தொடங்கினால் அங்கேயே பதில் கிடைத்துவிட்டது. கம்ப்யூட்டர் முகவரி கேட்டது, யாரும் கொடுக்கவில்லை, அதனால் விண்டோஸ் தானே ஒன்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

முகவரி கொடுக்கும் நெறிமுறைக்குப் பெயர் டிஎச்சிபி. நாலே நாலு பேச்சு. கம்ப்யூட்டர் ‘இங்கே முகவரி கொடுப்பவர் யாராவது உண்டா’ என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கத்தும். ரவுட்டர் ‘192.168.1.23 காலியாக இருக்கு, வேணுமா’ என்று சொல்லும். ‘சரி, அதையே கொடு’ என்று இது கேட்க, ‘எழுதிக்கிட்டேன், 24 மணி நேரத்துக்கு உனக்கு’ என்று அது முடிக்கும். யூடிபி என்ற அனுப்பும் முறையில், 67, 68 ஆகிய போர்ட்களில் இது நடக்கிறது. போர்ட் என்பது செய்தி எந்தச் சேவைக்கு என்று காட்டும் கதவு எண். அந்த 24 மணி நேரம் என்பது குத்தகைக் காலம், ரவுட்டரில் மாற்றலாம்.

சிக்கல் இங்கேதான். டியூஷன் சென்டர், கல்யாண மண்டபம், பஸ் ஸ்டாண்டு பக்கத்து டீக்கடை மாதிரி ஆள் வந்து வந்து போகும் இடத்தில் ஐம்பது முகவரி மட்டும் வைத்து, ஒரு நாள் குத்தகையும் வைத்திருந்தால், மத்தியானத்துக்குள் முகவரி தீர்ந்துவிடும். வந்தவர்கள் போய்விட்டார்கள், ஆனால் அவர்கள் பேரில் எழுதிய முகவரி மறுநாள் வரைக்கும் திரும்பி வராது. ரவுட்டரை அணைத்துப் போட்டால் பட்டியல் அழிந்து சரியாவது மாதிரி தெரிவதும் இதனால்தான். குத்தகையை ஒரு மணி நேரமாகக் குறையுங்கள், முகவரிப் பட்டியலில் கடைசி எண்ணை 2 முதல் 254 வரை விரித்துவிடுங்கள்.

இதைவிட ஆளைச் சுற்றவிடுவது இன்னொரு வகை. சீசன் நேரத்தில் கிருஷ்ணகிரிப் பக்கத்து மாங்கூழ் ஆலை ஒன்றில் காலையில் மெஷின் எல்லாம் போட்டதும் பாதிக் கம்ப்யூட்டருக்கு நெட் வரும், பாதிக்கு வராது. மறுநாள் வந்த பாதிக்கு வராது, வராத பாதிக்கு வரும். வாசலில் தோத்தாபுரி லோடு வரிசையில் நிற்கிறது, எடைச்சீட்டு அடிக்க முடியவில்லை, எல்லோருக்கும் டென்ஷன். ஓடாத கம்ப்யூட்டரில் ஐபிகான்ஃபிக் அடித்தால் 192.168.0.105 என்று வந்தது, ஓடுகிறதில் 192.168.1.14. அந்த ஒன்றும் பூஜ்யமும்தான் மொத்தக் கதையும். ஸ்லாஷ் ஆல் சேர்த்து (ipconfig /all) அடித்தால் டிஎச்சிபி சர்வர் என்று ஒரு வரி வரும், முகவரி யார் கொடுத்தார் என்று அதில் இருக்கும். ஓடாததில் 192.168.0.1 என்று இருந்தது, அலுவலக ரவுட்டரோ 192.168.1.1. எடைமேடை அறைக்கு வைஃபை எட்டவில்லை என்று யாரோ வீட்டிலிருந்து பழைய ரவுட்டர் ஒன்றைக் கொண்டுவந்து, அதன் லேன் ஓட்டையில் ஆபீஸ் கேபிளை மாட்டியிருந்தார்கள். அதுவும் ரவுட்டர்தானே, கேட்டவர்களுக்கெல்லாம் முகவரி கொடுக்க ஆரம்பித்துவிட்டது. பெரும்பாலும் முந்திப் பதில் சொன்னவர் கொடுத்த முகவரியைத்தான் கம்ப்யூட்டர் வாங்கிக்கொள்ளும், அதனால்தான் தினமும் பாதி மாறிக்கொண்டே இருந்தது.

சரி செய்வது சுலபம். அந்தப் பழைய ரவுட்டரைத் தனியாக ஒரு கம்ப்யூட்டரில் மாட்டி, அதன் முகவரியை 192.168.1.250 மாதிரி மாற்றி, டிஎச்சிபி-யை நிறுத்திவிட்டு, மறுபடி லேன் ஓட்டையிலேயே மாட்டுங்கள். வெளி நெட் கேபிள் மாட்டும் வான் ஓட்டை காலியாக இருக்கட்டும். 250-ஐ முக்கிய ரவுட்டரின் பட்டியலிலிருந்து விலக்கிவிடவும் வேண்டும். ஆக்சஸ் பாயிண்ட் மோடு என்று ஒரு பட்டன் இருந்தால் இன்னும் சுலபம்.

‘ஒரு சிஸ்டத்துக்கு மட்டும் விட்டுவிட்டு வருது’, ‘பிரிண்டர் ஆஃப்லைன்னு காட்டுது’

இரண்டும் பெரும்பாலும் ஒரே வீட்டுச் சண்டை. பிரிண்டருக்கோ, கேமரா பதிவுப் பெட்டியான டிவிஆருக்கோ யாரோ கையால் 192.168.1.20 என்று போட்டிருப்பார்கள், டிஎச்சிபி-க்கு அது தெரியாது, அதே எண்ணை வேறொரு போனுக்குக் கொடுத்துவிடும். ஒரே ஐபிக்கு இரண்டு பேர். ஐபி மாறலாம், ஆனால் ஒவ்வொரு சாதனத்துக்கும் மேக் முகவரி என்ற தனி அடையாள எண் உண்டு. உள்ளே ‘192.168.1.20 யாருப்பா, உன் மேக் முகவரி என்ன’ என்று கேட்கும் நெறிமுறை ஏஆர்பி, 1982-ல் எழுதப்பட்டது, யார் பதில் சொன்னாலும் அப்படியே நம்பிவிடும் அப்பாவி. ஒரு நேரம் பிரிண்டர் பதில் சொல்லும், ஒரு நேரம் போன் பதில் சொல்லும்.

பிரச்சினை இருக்கும்போது ஏஆர்பி என்று அடித்து ஹைஃபன் ஏ சேர்த்தால் (arp -a) ஐபியும் மேக் முகவரியும் பட்டியலாக வரும். அதே ஐபிக்குச் சிறிது நேரம் கழித்துப் பார்த்தால் மேக் மாறியிருக்கிறதா? அப்படியென்றால் சண்டை உறுதி. நிரந்தரத் தீர்வு, சாதனத்தில் கையால் எண் போடுவதை விட்டுவிட்டு, ரவுட்டரில் ரிசர்வேஷன் என்ற இடத்தில் அந்த மேக் முகவரிக்கு இந்த ஐபி என்று எழுதிவைப்பது. ஜெராக்ஸ் கடை, இ-சேவை மையம் வைத்திருப்பவர்கள் பிரிண்டருக்கு இதைச் செய்துவிட்டால் பாதிப் புலம்பல் நின்றுவிடும். பிரிண்டரைச் சேர்க்கும்போது டபிள்யூஎஸ்டி போர்ட் வேண்டாம், டிசிபி ஐபி போர்ட் என்பதைத் தேர்ந்தெடுத்து அந்த ஐபியைக் கொடுங்கள். பெரும்பாலான பிரிண்டர்கள் 9100 போர்ட்டில் கேட்டுக்கொண்டிருக்கும்.

‘வாட்ஸ்அப் வருது, வெப்சைட் எதுவும் திறக்கலை’

பிங் (ping) என்பது ஒரு முகவரியை ‘இருக்கியா’ என்று கேட்டுப் பதில் வருகிறதா பார்ப்பது. இப்போது மூன்று பிங் அடிக்க வேண்டும், வரிசை முக்கியம். முதலில் ஐபிகான்ஃபிக்கில் டீஃபால்ட் கேட்வே என்று இருக்கும் எண்ணுக்கு, அதுதான் உங்கள் ரவுட்டர். அப்புறம் வெளியே இருக்கும் கூகுளின் சர்வரான 8.8.8.8-க்கு. கடைசியாக கூகுள் டாட் காம் என்ற பெயருக்கு. முதலாவதே வரவில்லையென்றால் கோளாறு உங்கள் கட்டடத்துக்குள். முதலாவது வந்து இரண்டாவது வரவில்லையென்றால் ரவுட்டரிலோ அதற்கு வெளியிலோ. இரண்டும் வந்து மூன்றாவது மட்டும் வரவில்லையென்றால் டிஎன்எஸ். பிங் பயன்படுத்துவது ஐசிஎம்பி என்ற நெறிமுறை. அது சொல்லும் பதிலிலும் வித்தியாசம் உண்டு. உங்கள் சொந்த ஐபியிலிருந்தே ‘டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்’ என்று வந்தால், ஏஆர்பி கேட்டதற்கு அந்தப் பக்கம் ஆளே இல்லை. ‘ரெக்வஸ்ட் டைம்டு அவுட்’ என்றால் பதில் வரவில்லை, அவ்வளவுதான். அந்தப் பக்கம் ஃபயர்வால் பிங்கை மட்டும் தடுத்திருக்கவும் கூடும்.

டிஎன்எஸ் வேலை பெயரைக் கொடுத்தால் எண்ணைக் கொடுப்பது. 1983-ல் பால் மோக்கபெட்ரிஸ் இதை வடிவமைப்பதற்கு முன்னால், அப்போதைய நெட்டில் இருந்த கம்ப்யூட்டர் பெயர்கள் எல்லாம் ஒரே ஃபைலில் இருந்தன, அதை எல்லோரும் நகல் எடுத்து வைத்துக்கொள்வார்கள். இப்போது உங்கள் ரவுட்டர் சேவை நிறுவனத்தின் டிஎன்எஸ் சர்வரைக் கேட்கும், அது தூங்கிவிட்டால் எந்தப் பெயரும் திறக்காது. வாட்ஸ்அப் ஏற்கெனவே பிடித்துவைத்த இணைப்பில் ஓடிக்கொண்டே இருக்கும், அதனால் நெட் இருக்கிற மாதிரியே தெரியும்.

என்எஸ்லுக்கப் (nslookup) என்று அடித்து ஒரு பெயரைக் கேளுங்கள். பதில் வரவில்லையென்றால் அதே கேள்வியின் கடைசியில் வேறொரு டிஎன்எஸ் சர்வரான 1.1.1.1 சேர்த்துக் கேளுங்கள். அதில் வந்தால் குற்றவாளி சிக்கிவிட்டார். ரவுட்டரின் டிஎச்சிபி பக்கத்தில் டிஎன்எஸ் இடத்தில் 8.8.8.8, 1.1.1.1 போட்டுவிட்டு, கம்ப்யூட்டரில் ஐபிகான்ஃபிக் ஸ்லாஷ் ஃப்ளஷ் டிஎன்எஸ் (ipconfig /flushdns) அடியுங்கள். உள்ளேயே சர்வர் வைத்திருக்கும் பெரிய ஆபீஸ் என்றால் இதைத் தொடாதீர்கள், உள் சர்வர்களின் பெயர் தெரியாமல் போய்விடும். இன்னொரு வேடிக்கை, பிரவுசரில் நெட் வரும், பில்லிங் மென்பொருளுக்கு மட்டும் வராது. பிரவுசரில் செக்யூர் டிஎன்எஸ் போட்டிருந்தால் அது ரவுட்டரைக் கேட்காமல் தனி வழியில் போய்க் கேட்டுக்கொள்ளும், மற்றவை மாட்டிக்கொள்ளும்.

‘கூகுள் வருது, சில சைட் பாதியில நிக்குது’

லாகின் பக்கம் வரும், உள்ளே போனால் சுற்றிக்கொண்டே இருக்கும். ஃபைல் ஏற்ற முடியாது. பலர் அந்த வெப்சைட்டைத் திட்டுவார்கள். பல நேரம் இது பாக்கெட் அளவுப் பிரச்சினை. பாக்கெட் என்பது தகவல் நெட்டில் போகும் சிறு துண்டு. ஈதர்நெட்டில் ஒரு பாக்கெட் 1500 பைட் வரை போகலாம். யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுத்து இணையும் பைபர் இணைப்புகளில் பிபிபிஓஇ என்ற நெறிமுறை 8 பைட்டைத் தனக்கு எடுத்துக்கொள்ளும், மீதி 1492. உயரம் குறைந்த ரயில்வே பாலத்துக்கு அடியில் பைக்கும் காரும் போகும், வைக்கோல் லோடு லாரி மட்டும் மாட்டும், அதே கதைதான். வழக்கமாக ‘அளவைக் குறை’ என்று ஒரு ஐசிஎம்பி செய்தி திரும்பி வரும். நடுவில் யாராவது ஐசிஎம்பி-யை மொத்தமாகத் தடுத்திருந்தால் அந்தச் செய்தி வராது, லாரி அங்கேயே நிற்கும்.

1.1.1.1-க்குப் பிங் அடித்து, ஹைஃபன் எஃப், பிறகு ஹைஃபன் எல் 1464 (-f -l 1464) சேர்த்துப் பாருங்கள். போனால் 1472 போட்டுப் பாருங்கள். பிங்குக்கு 28 பைட் தலைப்பு உண்டு, அதனால் 1464 என்பது 1492-க்குச் சமம். 1464-ம் போகவில்லையென்றால் எண்ணைக் குறைத்துக்கொண்டே வாருங்கள், போகும் எண்ணோடு 28 கூட்டி ரவுட்டரின் வான் செட்டிங் பக்கத்தில் எம்டியு என்ற இடத்தில் போடுங்கள்.

பிபிபிஓஇ பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். நேரடியாக விண்டோஸில் டயல் செய்பவர்களுக்கு 691 என்று வந்தால் யூசர்நேம், பாஸ்வேர்டு தப்பு அல்லது ரீசார்ஜ் முடிந்தது. 651 என்றால் பெரும்பாலும் அந்தப் பக்கத்திலிருந்து பதிலே வரவில்லை. கரண்ட் போய் வந்த உடனே இணையவில்லையென்றால், பழைய இணைப்பு இன்னும் உயிரோடு இருப்பதாக அவர்கள் சர்வர் நினைத்துக்கொண்டிருக்கலாம், சில நிமிஷம் பொறுங்கள்.

‘எந்த சைட் போனாலும் பாதுகாப்பு இல்லைன்னு சொல்லுது’

வலது மூலையில் தேதியைப் பாருங்கள். எச்டிடிபிஎஸ் தளம் காட்டும் சான்றிதழில் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை செல்லும் என்று இருக்கும், உங்கள் கம்ப்யூட்டர் தேதி அதற்கு வெளியே இருந்தால் பிரவுசர் ஒத்துக்கொள்ளாது. பழைய டெஸ்க்டாப்பில் மதர்போர்டில் இருக்கும் சிஆர் 2032 பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கும், கரண்ட் போகும்போதெல்லாம் தேதி பின்னால் ஓடும். நேரத்தைச் சரி செய்ய என்டிபி என்ற நெறிமுறை யூடிபி 123-ல் இருக்கிறது, ஆனால் வித்தியாசம் ரொம்ப அதிகமாக இருந்தால் விண்டோஸ் அதை நம்பாது. முதலில் கையால் தேதியைத் திருத்தி, அப்புறம் சிங்க் கொடுத்து, அப்புறம் பேட்டரி மாற்றுங்கள்.

‘தோட்டத்துக் கேமரா வீட்டில் தெரியுது, வெளியூர் போனா தெரியலை’

பாலக்கோடு, பென்னாகரம் பக்கம் தோட்டத்தில் சிம் போட்ட ரவுட்டர் வைத்து கேமரா மாட்டியவர்கள் அதிகம் கேட்பது இது. யாரோ ஒரு வீடியோ பார்த்து, வெளியிலிருந்து வரும் அழைப்பை ரவுட்டர் கேமராவுக்குத் திருப்பிவிடும் போர்ட் ஃபார்வர்டிங் எல்லாம் ஒழுங்காகப் போட்டிருப்பார்கள், ஆனாலும் வராது. ரவுட்டரின் வான் செட்டிங் பக்கத்தில் என்ன ஐபி இருக்கிறது என்று பாருங்கள். 100.64 முதல் 100.127 வரை ஏதாவது ஒன்றில் தொடங்கினால் முயற்சியை அங்கேயே விட்டுவிடலாம். ஐபிவி4-ல் மொத்தமே சுமார் 430 கோடி முகவரிதான், அது போதாததால் சேவை நிறுவனங்கள் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைக்கின்றன. அதற்கென்றே 2012-ல் இந்த எண் வரிசையை ஒதுக்கினார்கள். வெளியிலிருந்து வரும் அழைப்பு அவர்கள் பெட்டியிலேயே நின்றுவிடும், உங்கள் ரவுட்டர் வரைக்கும் வராது. சில நிறுவனங்கள் 10-ல் தொடங்கும் முகவரியும் கொடுக்கும், முடிவு ஒன்றே.

வழி மூன்று. கேமராவின் கியூஆர் கோடு வழியாக நிறுவனத்தின் கிளவுடில் பார்ப்பது. இது ஓடுவதற்குக் காரணம் கேமராவே உள்ளிருந்து வெளியே போய் இணைப்பைத் திறந்துவைப்பதுதான். பைபர் இணைப்பென்றால் மாதம் கூடுதலாகக் கொடுத்து ஸ்டாடிக் ஐபி, அதாவது மாறாத பொது முகவரி வாங்குவது. அல்லது தோட்டத்துப் பக்கமிருந்து வெளியே இணையும் விபிஎன், அதாவது நெட் வழியாகப் போகும் தனிப் பாதை ஒன்று. என் ஓட்டு மூன்றாவதற்கு. போர்ட் ஃபார்வர்டிங் கிடைத்தாலும், டிவிஆரின் பாஸ்வேர்டை மாற்றாமல் வெளியே திறந்து வைப்பது ஆபத்து. 2016-ல் மிராய் என்ற நிரல் அப்படிப்பட்ட கேமராக்களையும் டிவிஆர்களையும் கம்பெனி பாஸ்வேர்டு வைத்தே பிடித்துப் பெரிய பெரிய தளங்களை முடக்கியது.

‘பக்கத்து சிஸ்டம் ஃபோல்டர் திறக்கலை’, ‘மெயில் காணாமப் போச்சு’

முதலாவதற்கு, வைஃபை செட்டிங்கில் நெட்வொர்க் பப்ளிக் என்று இருக்கிறதா பாருங்கள், பிரைவேட் ஆக்குங்கள். ஃபோல்டர் பகிர்வது எஸ்எம்பி, போர்ட் 445. பழைய ஸ்கேனரோ பழைய விண்டோஸோ எஸ்எம்பி முதல் பதிப்பைக் கேட்டால் புதிய விண்டோஸ் மறுக்கும், அது நல்லதுக்குத்தான். இரண்டாவதற்கு, ஆபீஸ் கம்ப்யூட்டரில் மெயில் வாங்கும் நெறிமுறையாக பாப்3 போட்டிருப்பீர்கள், அது பெரும்பாலும் மெயிலை இறக்கிவிட்டு சர்வரிலிருந்து அழித்துவிடும், போனில் தெரியாது. மெயிலை சர்வரிலேயே வைத்துக் காட்டும் ஐமேப், போர்ட் 993-க்கு மாறுங்கள். வாங்க முடிகிறது அனுப்ப முடியவில்லை என்றால், மெயில் அனுப்பும் எஸ்எம்டிபி-யின் போர்ட்டை 25-லிருந்து 587-க்கு மாற்றுங்கள்.

‘திடீர்னு மொத்த ஆபீஸும் போச்சு’

ஆபீஸ் நெட் கேபிள்கள் எல்லாம் வந்து சேரும் பெட்டியான ஸ்விட்ச்சைப் பாருங்கள். எல்லா விளக்கும் ஒரே நேரத்தில் விடாமல் வேகமாக மினுக்கினால், யாரோ பெருக்கும்போது கீழே கிடந்த கேபிளின் இரண்டு முனையையும் அதே ஸ்விட்ச்சில் மாட்டிவிட்டார்கள். ஏஆர்பி, டிஎச்சிபி மாதிரி எல்லோருக்கும் போகும் செய்திகள் அந்த வளையத்தில் சுற்றிச் சுற்றிப் பெருகும். மலிவான ஸ்விட்ச்களில் இதைத் தடுக்கும் வசதி இருக்காது. ஒவ்வொரு கேபிளாகப் பிடுங்குங்கள், எதைப் பிடுங்கினதும் மினுக்கல் அடங்குகிறதோ அதுதான்.

‘ஸ்பீடு டெஸ்ட் நல்லா இருக்கு, வீடியோ மீட்டிங்கில் குரல் உடையுது’

ஸ்பீடு டெஸ்ட் பொதுவாக டிசிபி-யில் ஓடும். பாக்கெட் தொலைந்தால் டிசிபி மறுபடி அனுப்பும், அதனால் தொலைந்ததே வெளியே தெரியாது. மீட்டிங் குரல் யூடிபி-யில் போகும், தொலைந்தால் தொலைந்ததுதான். பிங்கோடு ஹைஃபன் டி (-t) சேர்த்தால் நிறுத்தும் வரைக்கும் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு ஜன்னலில் கேட்வேக்கும் இன்னொன்றில் 8.8.8.8-க்கும் பக்கத்தில் பக்கத்தில் ஓட விடுங்கள். கேட்வேக்கே விட்டுவிட்டு வந்தால் வைஃபைதான் காரணம், கேபிளில் மாட்டிப் பாருங்கள், இல்லையென்றால் 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 மூன்றில் கூட்டம் குறைந்த சேனலுக்கு மாற்றுங்கள். கேட்வேக்கு ஒழுங்காக வந்து வெளியே மட்டும் விட்டுப்போனால், அந்த இரண்டு ஜன்னலையும் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு சேவை நிறுவனத்துக்கு அடியுங்கள். ‘நெட் ஸ்லோங்க’ என்று சொன்னால் ரவுட்டரை அணைத்துப் போடச் சொல்வார்கள். ‘கேட்வேக்கு லாஸ் இல்லை, 8.8.8.8-க்குச் சாயங்காலம் ஏழு மணிக்கு மேல லாஸ் வருது, கேபிளில் மாட்டித்தான் பார்த்தேன்’ என்று சொல்லுங்கள், புகார் எண்ணையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.